அரசு அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப்: சென்னைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கல்லூரியில் படிக்கும்போதோ முடித்த கையோடோ ஏதாவது ஓர் அரசுத் துறையில் இன்டர்ன்ஷிப் கிடைத்துச் சென்னைக்கு வருகிறவர்கள், கொஞ்ச நாளிலேயே கிட்டத்தட்ட ஒரே மாதிரி பேசத் தொடங்கிவிடுவார்கள். "வேலையே கொடுக்க மாட்டேங்கிறாங்க", "கேட்டா அப்புறம் பார்க்கலாம்ங்கிறாங்க", "நம்பி ஒரு காகிதம்கூடக் கையில தர மாட்டேங்கிறாங்க". நானும் சேப்பாக்கத்தில் ஒரு துறையில் பயிற்சியில் இருந்தவள். அதற்குப் பிறகு, புதிதாகச் சேருகிற பலருக்கு வழி சொல்லி வருகிறேன். இந்தக் குறைகளில் உண்மை இருக்கிறது. ஆனால் காரணம் பெரும்பாலும் அந்த அலுவலகம் இயங்கும் முறையில் இருக்கிறது. அந்த முறை புரிந்துவிட்டால் அங்கே இருப்பவர்களை உங்களால் நம்ப முடியும், அவர்களும் உங்களை நம்பத் தொடங்குவார்கள். இந்தப் பயிற்சியில் ஒருவர் வளர்வது இந்த இடத்தில்தான் என்று உறுதியாக நினைக்கிறேன். அதை மனதில் வைத்தே ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

சேருவதற்கு முன்னால்

முதலில் கடிதம். எந்த அலுவலகம், எந்த அலுவலரின் கீழ், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, உதவித்தொகை உண்டா இல்லையா என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். பல இடங்களில் உதவித்தொகை கிடையாது. அதை முன்கூட்டியே கேட்பதில் கூச்சமே வேண்டாம். வீட்டில் செலவுக்குத் திட்டம் போட வேண்டியது நீங்கள்தானே. "கோட்டையில் எனக்கு ஆள் தெரியும், இவ்வளவு கட்டினால் இன்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். துறையின் இணையதளத்தில் வந்த அறிவிப்பு, அல்லது உங்கள் கல்லூரித் துறைத் தலைவரின் கடிதத்தோடு நேரடியாகக் கொடுக்கும் விண்ணப்பம், இந்த இரண்டு வழி போதும்.

அடுத்து, இடம். துறையின் பெயரைப் பார்த்துவிட்டு எல்லாமே கோட்டையில்தான் இருக்கும் என்று நினைத்துப் பலர் அலைகிறார்கள். புனித ஜார்ஜ் கோட்டையிலும் அதே வளாகத்தில் உள்ள நாமக்கல் கவிஞர் மாளிகையிலும் இருப்பவை தலைமைச் செயலகத் துறைகள். கொள்கை, அரசாணை, நிதி ஒதுக்கீடு எல்லாம் அங்கே முடிவாகும். அதைக் களத்தில் செய்து முடிக்கும் இயக்ககங்களும் ஆணையரகங்களும் நகரம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. வருவாய் நிர்வாகம் சேப்பாக்கம் எழிலகத்தில், ஊரக வளர்ச்சி சைதாப்பேட்டை பனகல் மாளிகையில், மருத்துவத் துறை இயக்ககங்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், பள்ளிக் கல்வி நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில். அந்தக் கல்வி வளாகத்துக்கு இப்போது பேராசிரியர் அன்பழகன் பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் ஆட்டோக்காரரிடம் பழைய பெயரான டி.பி.ஐ. என்றுதான் சொல்ல வேண்டும். மாநகராட்சி ரிப்பன் மாளிகையில். ஒன்றிய அரசு அலுவலகம் என்றால் பெரும்பாலும் சாஸ்திரி பவனோ பெசன்ட் நகர் ராஜாஜி பவனோ.

செயலகமா இயக்ககமா என்பதைப் பொறுத்து நீங்கள் கற்கப்போவதே மாறும். செயலகத்தில் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்று பார்ப்பீர்கள். இயக்ககத்தில் அந்த முடிவு ஊருக்குப் போய்ச் சேரும்போது என்ன ஆகிறது என்று பார்ப்பீர்கள். தேர்ந்தெடுக்க வாய்ப்பு கிடைத்தால் புதியவர்களுக்கு இயக்ககத்தையே பரிந்துரைப்பேன். மனிதர்களோடு புழங்க அங்கேதான் அதிக இடம் இருக்கிறது.

போக்குவரத்துக்குப் பயப்பட வேண்டாம். கோட்டைக்கு மின்சார ரயிலும் பறக்கும் ரயிலும் நிற்கும் கோட்டை நிலையம், எழிலகத்துக்குச் சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையம், டி.எம்.எஸ்.ஸுக்கு வாசலிலேயே மெட்ரோ. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பயணம் இலவசம். தங்குவதற்கு ஆண்கள் திருவல்லிக்கேணி மேன்ஷன்களைப் பார்க்கலாம். பெண்கள் தனியார் விடுதிகளோடு, அரசின் தோழி விடுதிகளிலும் இடம் இருக்கிறதா என்று விசாரிக்கலாம். தாம்பரம், கூடுவாஞ்சேரி பக்கம் இருக்கின்றன. கையில் காசு குறைந்த நாட்களுக்கு அம்மா உணவகம் இருக்கிறது.

சேரும் முன் இரண்டு விஷயம் படியுங்கள். ஒன்று, அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு. ஒவ்வோர் ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது, அதாவது துறைக்கான நிதிக்கு ஒப்புதல் கேட்கும்போது, சட்டமன்றத்தில் வைப்பது, அரசு இணையதளத்திலேயே கிடைக்கும். இன்னொன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4(1)(பி) பிரிவின்படி துறை தானாகவே வெளியிட வேண்டிய விவரங்கள். யாருக்கு என்ன அதிகாரம், முடிவு எந்த வழியாகப் போகிறது, என்னென்ன ஆவணங்கள் இருக்கின்றன என்று 17 தலைப்புகளில் இருக்கும். இதைப் படித்துவிட்டு வருகிற பயிற்சி மாணவர் அபூர்வம். முதல் நாளே "இந்தத் திட்டம் உங்க பிரிவுலதான் வருதா மேடம்?" என்று கேட்டுப் பாருங்கள், எதிரில் இருப்பவர் உங்களோடு பேசும் விதமே மாறும்.

அப்புறம் தமிழ்த் தட்டச்சு. ஃபோனில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குவது அங்கே செல்லாது. தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொண்டு போங்கள். தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் சேருவதற்குள் கை பழகிவிடும். பழைய கோப்புகள் பல 'வானவில் அவ்வையார்' எழுத்துருவில் இருக்கும். உங்கள் மடிக்கணினியில் திறந்தால் கோணல்மாணலாக ஆங்கில எழுத்துகள் தெரியும். அதை யூனிகோடுக்கு மாற்றத் தெரிந்தவருக்கு எந்தப் பிரிவிலும் வரவேற்பு உண்டு.

முதல் நாளும் முதல் வாரமும்

மாநில அரசு அலுவலகம் காலை 10 மணி முதல் மாலை 5.45 வரை. கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். கோட்டை என்றால் வாசலில் சோதனை, அனுமதிச் சீட்டு எல்லாம் உண்டு. உங்கள் பெயரை வாசலுக்குச் சொல்லிவைக்கும்படி பிரிவில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் பணியில் சேர்ந்ததாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியில் சான்றிதழ் கேட்கும்போது அந்த நகல் வேலை செய்யும்.

உங்களுக்கென்று நாற்காலி தயாராக இருக்காது. அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிவில் இருப்பவர்களுக்கே இடம் போதாது. யாராவது விடுப்பில் இருந்தால் அவர் மேசையில் உட்காரச் சொல்வார்கள். அப்படி உட்கார்ந்தால் மேசைமேல் இருப்பதை நகர்த்தாதீர்கள். அந்தக் காகிதக் குவியலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு, அது அவருக்கு மட்டும் தெரியும்.

முதல் வாரத்து வேலை, யார் என்ன செய்கிறார் என்று தெரிந்துகொள்வது. செயலகத்தில் உதவிப் பிரிவு அலுவலர் குறிப்பு எழுதுவார். அது பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று ஏறி, துறைச் செயலாளரிடம் போகும். தேவைப்பட்டால் அமைச்சருக்கும் போகும். இயக்ககத்தில் இளநிலை உதவியாளர், உதவியாளர், கண்காணிப்பாளர், அவர்களுக்கு மேல் உதவி இயக்குநர், துணை இயக்குநர் என்று இருக்கும். நோட்டில் ஒரு பக்கத்தில் பிரிவின் மேசைகளை வரைந்து, ஒவ்வொரு மேசையும் எந்தப் பொருளைப் பார்க்கிறது என்று எழுதிவையுங்கள். அங்கே அதை 'சீட்' என்பார்கள். "நிலுவை அறிக்கை எந்த சீட்?" என்று கேட்கத் தெரிந்தால் பாதி அலைச்சல் குறைந்துவிடும்.

சார், மேடம் என்பது எல்லா மட்டத்துக்கும் பொது. அலுவலக உதவியாளரை அண்ணா, அக்கா என்று அழைத்து, வாங்க போங்க என்று பேசுங்கள். எந்தக் கோப்பு எந்த அறையில் நிற்கிறது, அதிகாரி எப்போது அறையில் இருப்பார், எப்போது போனால் பேசுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வேலை ஆக வேண்டும் என்பதற்காக மட்டும் மரியாதை கொடுத்தால் அவர்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். பேர் கேளுங்கள், ஊர் கேளுங்கள், டீ குடிக்கும்போது கூடப் போங்கள்.

கோப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுதல்

இந்தப் படிக்கு அவசரம் கூடாது. வேலை கொடுக்கவில்லை என்று சும்மா உட்கார்ந்திருக்கும் நாட்களில், முடிந்துபோன பழைய கோப்பு ஒன்றைப் படிக்கத் தரும்படி கேளுங்கள். நடப்பில் உள்ளதைத் தரத் தயங்குவார்கள், அது நியாயம். முடிந்த கோப்பைத் தருவதில் பொதுவாக யாருக்கும் சங்கடம் இல்லை.

கோப்பில் இரண்டு பகுதி இருக்கும். வந்த கடிதங்களும் போன கடிதங்களும் அடங்கியது நடப்புக் கோப்பு. அவற்றின் மேல் அலுவலர்கள் எழுதியது குறிப்புக் கோப்பு. கோப்புகளைக் கணினியிலேயே நடத்தும் இ-ஆபீஸில் திறந்தாலும் திரையில் இந்த இரண்டும்தான் பக்கம் பக்கமாக இருக்கும். படிக்கும்போது நடப்பில் ஒரு கடிதம், அதற்கான குறிப்பு, பிறகு அடுத்த கடிதம் என்று மாறி மாறிப் படியுங்கள். ஒவ்வொரு கடிதத்திலும் மேலே 'பொருள்', அதன் கீழே 'பார்வை' என்று இருக்கும். பார்வையில் சொன்ன பழைய கடிதங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தால், இந்த விஷயம் எங்கே தொடங்கி எப்படி இங்கே வந்தது என்ற கதை முழுதாகக் கிடைக்கும்.

கருத்துரு, குறிப்பாணை, செயல்முறைகள், சுற்றறிக்கை, நேர்முகக் கடிதம், நினைவூட்டு. இவை ஒவ்வொன்றும் தனித்தனி வகைக் காகிதம். எது யாரிடமிருந்து யாருக்குப் போகும் என்பதைக் கோப்பை வைத்தே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சொற்களில் தடுக்கினால் அரசே வெளியிட்ட ஆட்சிச் சொல்லகராதி இருக்கிறது. எழும்பூர் ஆல்சு சாலையில் உள்ள தமிழ் வளர்ச்சி வளாகத்தில் அதைப் பற்றி விசாரிக்கலாம்.

படிக்கும்போது கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு நிலையிலும் யார் எதைச் சேர்த்தார் என்பது. கீழே உதவியாளர் நான்கு பத்தி எழுதியிருப்பார். கண்காணிப்பாளர் "2022-இல் இதே போன்ற கோரிக்கை எப்படி முடிக்கப்பட்டது?" என்று ஒரு வரி கேட்டிருப்பார். கோப்பு திரும்பிக் கீழே போய், பழைய உத்தரவோடு மறுபடி மேலே வரும். வெளியிலிருந்து பார்த்தால் இது இழுத்தடிப்பு. உள்ளே உட்கார்ந்து படித்தால், ஒரே மாதிரி இரண்டு பேர் கேட்டதற்கு ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்ற கவலை அந்த ஒரு வரியில் இருப்பது தெரியும். எல்லாத் தாமதமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். சோம்பலால் நிற்கும் கோப்பும் உண்டு, பயத்தால் நிற்கும் கோப்பும் உண்டு. எது எது என்று பிரித்துப் பார்க்கும் கண் கோப்பைப் படித்தால்தான் வரும்.

உங்களை நம்ப வைப்பது

பெரிய வேலையைக் கேட்டு நிற்காதீர்கள். முதலில் கைக்கு வருவது அநேகமாக ஓர் அறிக்கைத் தொகுப்பாக இருக்கும். 38 மாவட்டங்களிலிருந்தும் விவரம் கேட்டிருப்பார்கள். முப்பது மாவட்டம் அனுப்பியிருக்கும், மீதி வராது. வந்ததிலும் ஒன்று எக்செல், ஒன்று ஸ்கேன் செய்த பி.டி.எஃப்., ஒன்று வாட்ஸ்அப்பில் எடுத்த படம். இதையெல்லாம் ஒரே பட்டியலாக்குவது எழுத்தர் வேலை என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்களை நம்பலாமா என்று பிரிவு பார்ப்பது இந்தப் பட்டியலில்தான்.

இதை எப்படிச் செய்வது? கேட்கும்போதே "எப்போது வேண்டும்?" என்று கேளுங்கள். மாலை நான்கு மணி என்றால் மூன்றரைக்குக் கொடுங்கள். வராத மாவட்டங்களை நீங்களே ஃபோனில் கேட்கலாமா என்று அனுமதி வாங்கிக்கொண்டு கூப்பிடுங்கள். "வணக்கம் சார், சென்னை இயக்ககத்துல இருந்து பேசுறேன், பயிற்சி மாணவி. நேத்து கேட்ட படிவம் உங்க மாவட்டத்துல இருந்து மட்டும் வரலைன்னு கண்காணிப்பாளர் மேடம் கேக்கச் சொன்னாங்க." பயிற்சி மாணவி என்று சொல்லாமல் அதிகாரி போலப் பேசினால் அன்றைக்கு வேலை நடக்கும், ஆனால் அடுத்த முறை அந்த எண்ணில் யாரும் எடுக்க மாட்டார்கள். எண்ணிக்கை இடித்தால், அதாவது வட்டங்களின் கூட்டுத்தொகையும் மாவட்டம் கொடுத்த மொத்தமும் ஒத்துப்போகவில்லை என்றால், நீங்களாகச் சரிசெய்துவிடக் கூடாது. அந்தக் கட்டத்துக்கு நிறம் கொடுத்து, கீழே ஒரு வரி எழுதி, கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள். அந்தப் பட்டியல் சட்டமன்றக் கேள்விக்குப் பதிலாகப் போகலாம், நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகப் போகலாம். கையெழுத்துப் போடுபவர் உங்கள் எண்ணை நம்பித்தான் போடுகிறார்.

முடியாத வேலையை முடியும் என்று வாங்கிக்கொள்வதுதான் புதியவர்களைச் சாய்ப்பது. நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசையில் தலையாட்டிவிட்டு, கெடு நெருங்கும்போது ஒளிவார்கள். "பாதிதான் முடியும் சார், மீதி நாளைக்குக் காலைல" என்று மத்தியானமே சொன்னால் அவர் வேறு ஏற்பாடு செய்துகொள்வார். ஐந்தரை மணிக்குச் சொன்னால் அவரால் எதுவும் செய்ய முடியாது. அதே மாதிரி, வரைவு எழுதச் சொன்னால் அழகாக முடித்துவிட்டுத்தான் காட்டுவேன் என்று வைத்திருக்காதீர்கள். இரண்டு பத்தி எழுதியதும் கொண்டுபோய், "இந்தப் போக்கு சரியா மேடம்?" என்று காட்டுங்கள். அரைகுறையாக இருப்பதை இன்னொருவர் முன் வைக்கத் துணிவு வேண்டும். கல்லூரியில் மதிப்பெண்ணுக்காக எழுதிப் பழகியவர்களுக்கு இது ரொம்பவே கஷ்டம். சிவப்புக் கோடு வரும், வரட்டும். உங்கள் வரைவைத் திருத்த ஒருவர் தன் நேரத்தைச் செலவிடுகிறார் என்றால் உங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்றுதான் அர்த்தம். திருத்தாமல் ஓரமாக வைத்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஏ.ஐ. கருவியிலிருந்து எடுத்து ஒட்டும் பழக்கம் இருந்தால் இங்கே நிறுத்திவிடுங்கள். அரசாணை எண்ணும் தேதியும் தவறாக வந்தால் அதைத் தாங்கப்போவது நீங்கள் அல்ல, குறிப்பு எழுதியவர். எந்த எண்ணையும் மூல ஆணையைக் கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள்.

நீங்கள் மற்றவர்களை நம்புவது

இதுதான் கடினமான பாதி. படித்த பிள்ளைகள் பலர், அரசு ஊழியர் என்றாலே ஒரு முடிவோடுதான் உள்ளே வருகிறார்கள். அந்த முடிவை வைத்துக்கொண்டு ஒருவரிடம் கற்றுக்கொள்ள முடியாது.

எங்கள் பிரிவில் ஓர் உதவியாளர் அம்மா, உதவித்தொகை பற்றிய ஒரு கோப்பை மேலே அனுப்பாமல் வைத்திருந்தார். மேலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஏன் என்று அவரிடமே கேட்டேன். பட்டியலில் ஒரே ஊரில், ஒரே பெயரில், ஒரே தகப்பன் பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரே இரண்டு முறை வந்திருக்கிறாரா, இரண்டு பேரா என்று மாவட்டத்திலிருந்து எழுத்தில் பதில் வர வேண்டும். "ஒரு பேரை அடிச்சிட்டு அனுப்பிடலாம், யாரும் கேக்கப் போறதில்ல. நிஜமாவே ரெண்டு பேரா இருந்தா அந்தப் பொண்ணுக்கு இந்த வருஷம் பணம் கிடைக்காது" என்றார். பதில் வந்தது; இரண்டு பேர்தான். அந்தப் பெண்ணுக்கு இப்படி ஒருவர் தனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு காத்திருந்தார் என்பது எப்போதும் தெரியப்போவதில்லை. அந்த அம்மா சொல்லிக்கொடுத்தால் எதையும் கேட்கலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

ஒரு கையெழுத்துக்குப் பின்னால் என்னென்ன நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். செலவு என்றால் நிதித்துறையின் ஒப்புதல் வேண்டும். விதி மாற்றம் என்றால் சட்டத்துறை பார்க்க வேண்டும். செலவு செய்த பிறகு மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து தணிக்கைக்கு வருவார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாராவது கேட்டால் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெறும் வேளையில் பழைய கோப்பு ஒன்று கிளம்பினால் அவருடைய ஓய்வூதியப் பலன்கள்கூட நிற்கலாம். இதெல்லாம் தெரிந்தவர் மெதுவாகத்தான் கையெழுத்துப் போடுவார். இவற்றைத் தெரிந்துகொண்டே வேகமாகவும் வேலை பார்க்கிறவர்கள் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஓரிருவர் இருப்பார்கள். அவர்களை அடையாளம் கண்டு, அவர்கள் எப்படிக் குறிப்பு எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பயிற்சியில் இருந்தால் உங்களுக்கு வாய்ப்பு. எழிலகத்தில் மாநில அவசரகாலச் செயல்பாட்டு மையம் இருக்கிறது. 1070 என்ற எண் அங்கேதான் அடிக்கும். மாநகராட்சிக்கு 1913. சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் இந்த இடங்களில் இரவு பகல் கிடையாது. சாதாரண நாளில் மெத்தனமாகத் தெரிந்த ஒருவர், ஏரியின் நீர்மட்டத்தை மணிக்கு ஒருமுறை கேட்டு எழுதிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். முடிந்தால், உதவிக்கு வரலாமா என்று கேளுங்கள். அதேபோல மானியக் கோரிக்கை நாட்களில் பிரிவே இரவு வரை விழித்திருக்கும். அந்த நேரத்தில் கூட இருந்து மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தவரை யாரும் மறக்க மாட்டார்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்

நம்பிக்கை வளர வளர, தரக்கூடாத சிலவும் உங்கள் கைக்கு வரும். "நம்ம தம்பிதானே, என் பாஸ்வேர்டு இதான், நீயே போட்டுவிட்டுடு" என்பார்கள். அன்பால் சொல்வதுதான். ஆனாலும் வாங்காதீர்கள். இ-ஆபீஸ் கடவுச்சொல், ஓ.டி.பி., டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எதுவுமே உங்கள் கையில் இருக்கக் கூடாது. "நீங்க லாகின் பண்ணிக் கொடுங்க சார், நான் பக்கத்துல உட்கார்ந்து டைப் பண்ணித் தர்றேன், அனுப்புறது நீங்க பண்ணுங்க" என்று சொன்னால் அவரும் வருத்தப்பட மாட்டார், வேலையும் நடக்கும்.

மனுக்களில் ஆதார் எண், சாதிச் சான்று, நோய் விவரம் எல்லாம் இருக்கும். அவற்றைப் படம் எடுக்கக் கூடாது. வேலை வசதிக்காக உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளவும் கூடாது. ஆய்வு அறிக்கைக்குத் தேவை என்றால் பெயரும் எண்ணும் நீக்கிய பிரதியைக் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

நீங்கள் உள்ளே இருப்பது தெரிந்ததும் ஊரிலிருந்து ஃபோன் வரும். "மாமாவோட பட்டா விஷயம், கொஞ்சம் பாரேன்." வாசலில் காத்திருக்கும் பெரியவரும் கேட்பார். மனசு கேட்காது, தெரியும். அவர்களுக்கு எந்தப் பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலர் யார், முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்கு எப்படி அழைப்பது என்று சொல்லுங்கள். மனு எழுதத் தெரியாதவருக்கு உட்கார்ந்து எழுதியும் கொடுக்கலாம். கோப்பை நகர்த்தித் தருவதாக மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். யாராவது கவரோ இனிப்புப் பெட்டியோ நீட்டினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்றே உங்கள் அலுவலரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பேச்சோ தொடுகையோ நேரங்கெட்ட செய்திகளோ உங்களைச் சங்கடப்படுத்தினால், "பயிற்சிக்கு வந்தவள்தானே, யாரிடம் சொல்வது" என்று நினைக்க வேண்டாம். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பயிற்சியாளர்களையும் பணியாளர் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அலுவலகத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். நிகழ்ந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் குழுவின் தலைவர் யார் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது. ஒருவரை நம்ப மாட்டேன் என்று முடிவெடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் அலுவலர் மாறிப்போனால்

பயிற்சி நடுவில் உங்களை எடுத்த அதிகாரி மாற்றலாகிப் போவது சாதாரணமாக நடக்கும். நேற்று வரை "இதை நீதான் செய்யணும்" என்று உற்சாகப்படுத்தியவர் இன்று வேறு துறையில் இருப்பார். புதிதாக வந்தவருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. பலர் இங்கேதான் மனம் உடைந்துபோகிறார்கள்.

அவர் பொறுப்பேற்ற பரபரப்பு அடங்கட்டும். பிறகு ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், எழுதிக் கொண்டுபோங்கள்: நான் யார், எந்த ஆணையின்படி வந்தேன், இதுவரை செய்தது, மீதி இருப்பது, உங்களிடம் வேண்டுவது. வாரந்தோறும் செய்ததைத் தேதியோடு நோட்டில் எழுதி, கண்காணிப்பாளரிடம் ஒரு சுருக்கொப்பம் வாங்கி வந்திருந்தால் இந்தப் பக்கம் எழுதக் கால் மணி நேரம் போதும். இது மாதிரியான நேரத்தில் உங்களுக்காகப் பேசுபவர் பெரும்பாலும் பிரிவில் இருப்பவர்தான். "நல்ல பொண்ணு சார், பட்டியல் எல்லாம் அவதான் போட்டுக் குடுத்தா" என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும், நீங்கள் மறுபடி நிற்பீர்கள்.

களத்துக்குக் கூட்டிப் போனால் தவறாமல் போங்கள். மக்களிடம் கேள்வி கேட்கும்போது நீங்கள் பயிற்சி மாணவர், உங்களால் எதையும் வாங்கித் தர முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசி இரண்டு வாரம்

அறிக்கையை முடிவு நாளுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். துறைக்குத் தேவைப்படும் இரண்டு பக்கச் சுருக்கத்தைத் தமிழில் தனியாக வையுங்கள். கல்லூரிக்குக் கொடுக்கும் நீளமான ஆங்கில அறிக்கையைப் பிரிவில் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. அறிக்கையில் அலுவலகத்தின் குறைகளை எழுதுவதாக இருந்தால், எழுதும் முன் அந்த சீட்டில் இருப்பவரிடம் காட்டி அவர் தரப்பையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, அவருக்குத் தெரியாமல் போக வேண்டாம்.

சான்றிதழுக்கும் ஒரு கோப்பு ஓடும் என்பதை மறந்துவிடாதீர்கள். வருகைப் பதிவு, சேர்ந்த கடிதத்தின் நகல், அறிக்கை மூன்றையும் இணைத்து இரண்டு வாரம் முன்பே விண்ணப்பம் கொடுத்து, அந்தக் கோப்பின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்திட வேண்டியவர் முகாமுக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் கடைசி நாளில் வாங்க முடியாது. பெயரின் எழுத்தும் தேதிகளும் சரியா என்று வரைவு நிலையிலேயே தட்டச்சரிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் கணினியில் உள்ள அலுவலக விவரங்களை உதவியாளர் பார்க்கும்போதே அழியுங்கள். நீங்கள் உருவாக்கிய எக்செல் பட்டியலை, எந்தக் கட்டம் எதைக் கணக்கிடுகிறது என்று ஒரு குறிப்போடு அந்த சீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். ஃபோனில் பேசிப் பழகிய மாவட்ட அலுவலர்களிடம், இனி யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.